பிரெஞ்சில் உறவுமுறைச் சொற்கள்: தமிழர்கள் எந்த வரிசையில் கற்க வேண்டும்

பாரிஸ் புறநகர் ஒன்றில், புதிதாக வந்து சேரும் தமிழர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். காய்கறி, பேருந்து, மணி எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். குடும்பம் என்ற பாடம் வந்ததும் தடுமாற்றம் தொடங்கும். சொற்கள் அதிகம் என்று சொல்ல முடியாது. அன்றாடத்துக்கு முப்பது சொற்கள் போதும். தமிழ்ச் சொல் ஒன்று, அதற்கு எதிரே பிரெஞ்சுச் சொல் ஒன்று என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில்தான் சிக்கல். நாம் பிரித்துச் சொல்லும் உறவுகளை அவர்கள் சேர்த்துவிடுகிறார்கள். நாம் சேர்த்துச் சொல்வதை அவர்கள் பிரித்துவிடுகிறார்கள். அதனால் முறைப்பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆள் நமக்கு எந்த வழியில் உறவு என்பதைச் சொல்லப் பழக வேண்டும். கீழே இருக்கும் வரிசை முழுக்க அதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் 'நான்' என்று எழுதுங்கள். மேலே பெற்றோர், அதற்கும் மேலே தாத்தா பாட்டிகள், பக்கத்தில் கூடப்பிறந்தவர்கள், கீழே பிள்ளைகள் என்று கோடு போட்டு இணையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நீங்கள் கூப்பிடும் முறையை எழுதாதீர்கள். 'அம்மாவின் தம்பி', 'அப்பாவின் அக்காவின் கணவர்' என்று வழியை எழுதுங்கள். ஐந்தாம் படிக்கு வரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும். இதைப் போடாமல் வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றுவிடுவார்கள்.

இங்கே பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். இது காதுக்கு ஓர் ஊன்றுகோல், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லின் எழுத்துவடிவத்தையும் அகராதியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒலியைக் கைபேசி அகராதியில் மூன்று முறையாவது கேளுங்கள். 'ர்' தொண்டையிலிருந்து வரும். 'மோன்' (என்), 'பரான்' (பெற்றோர்) போன்றவற்றில் கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே தொடாது, மூச்சு மூக்கு வழியாகப் போகும். நாக்கைத் தொட்டு அழுத்தமாகச் சொன்னால் சில இடங்களில் ஆணே பெண்ணாகிவிடும்: பெரியப்பா, மாமா, அத்தை பிள்ளைகளைச் சொல்லும்போது 'குஸேன்' ஆண், 'குஸீன்' பெண். முதலாவதில் ன் மூக்கொலி. இரண்டாவதில் நம்முடைய ன் மாதிரியே நன்றாகக் கேட்கும்.

2. முதலில் வீட்டுக்குள் இருப்பவர்கள்

அப்பா பேர், அம்மா மேர், சகோதரன் ஃப்ரேர், சகோதரி ஸேர், மகன் ஃபிஸ், மகள் ஃபீய், கணவன் மரி, மனைவி ஃபாம். 'ஸேர்' சொல்லும்போது 'ஏ' என்று ஒலித்தபடியே உதட்டைக் குவிக்க வேண்டும்.

இந்த எட்டையும் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற பெரும்பாலான சொற்கள் இவற்றோடு ஏதாவது ஒன்றைச் சேர்த்து உண்டானவை. இவை வாயில் உட்காராமல் மேலே போனால், பிறகு எல்லாம் சேர்ந்து குழம்பும்.

எட்டில் மூன்று, எழுத்தைப் பார்த்துப் படித்தால் தவறாகும். மகனுக்கான சொல்லில் 'எல்' எழுத்து உண்டு, ஒலி கிடையாது. கடைசி 'எஸ்' ஒலிக்கும். 'ஃபில்' என்று சொன்னால் அது நூல். மகளுக்கான சொல்லில் இரண்டு 'எல்' இருந்தும் ஒலி 'ய்' ஆகிவிடும். மனைவிக்கான சொல்லை 'ஃபெம்' என்று படிக்கத் தோன்றும், 'ஃபாம்' என்பதே சரி. அம்மாவுக்கான மேர், கடல், நகர மேயர் மூன்றும் காதுக்கு ஒன்றுதான். இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

'ஃபாம்' பெண்ணுக்கும் மனைவிக்கும் பொது. 'ஃபீய்' சிறுமிக்கும் மகளுக்கும் பொது. முன்னால் 'என்' வந்தால்தான் அது உறவாகும். 'யுன் ஃபாம்' ஒரு பெண். 'மா ஃபாம்' என் மனைவி. அடுத்த படி அதனால்தான் உடனே வருகிறது.

3. என், உன், அவர்

என் என்பதற்கு மூன்று வடிவம்: ஆணுக்கு மோன், பெண்ணுக்கு மா, பலருக்கு மே. மோன் பேர், மா மேர், மே பரான். உறவுச் சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள், எப்போதும் 'என்' சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். அது ஆண்பாலா பெண்பாலா என்பதும் கூடவே மனதில் தங்கிவிடும்.

உயிரெழுத்தில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு 'மா' வராது, 'மோன்' வரும். மனைவியை மரியாதையாகச் சொல்லும் 'எபூஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'என்' வந்தால் 'மோனெபூஸ்'. இரண்டு உயிர் மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நம் உடம்படுமெய் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வருவதுதான் உண்மையான தடை. தமிழில் 'அவனுடைய அம்மா', 'அவளுடைய அம்மா' என்று உடையவரைப் பார்த்துச் சொல் மாறும். பிரெஞ்சில் உடையவர் யாரென்று பார்ப்பதே இல்லை, உறவுக்காரர் ஆணா பெண்ணா என்றே பார்க்கிறார்கள். 'ஸா மேர்' என்றால் அவனுடைய அம்மாவாகவும் இருக்கலாம், அவளுடைய அம்மாவாகவும் இருக்கலாம். அம்மா பெண் என்பதால் 'ஸா'. அவளுடைய அப்பா என்று சொல்லும்போது, அவள் பெண்ணாயிற்றே என்று 'ஸா பேர்' என்பார்கள் என் மாணவர்கள். அப்பா ஆண், ஆகவே 'ஸோன் பேர்'.

இதைத் திருத்த நான் கண்ட ஒரே வழி: வாயைத் திறக்கும் முன் உடையவரை மறந்துவிடுவது. அடுத்து வரப்போகும் சொல் என்ன பால் என்று மட்டும் கேளுங்கள். பத்து நாள் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

4. 'இன்' என்ற உருபைத் தலைகீழாகப் போடுவது

தமிழில் நம்மிடமிருந்து தொடங்கி வெளியே போகிறோம்: என் → அப்பாவின் → அண்ணனின் → மகன். பிரெஞ்சில் கடைசி ஆளிலிருந்து தொடங்கி நம்மிடம் வருவார்கள். இணைப்புக்கு 'தெ' என்ற சிறு சொல்.

என் அம்மாவின் சகோதரன்: லெ ஃப்ரேர் தெ மா மேர். என் அப்பாவின் சகோதரனின் மகன்: லெ ஃபிஸ் த்யு ஃப்ரேர் தெ மோன் பேர். நடுவில் 'தெ', 'லெ' இரண்டும் ஒட்டி 'த்யு' ஆகிறது, கவனியுங்கள்.

குடும்ப மரத் தாளில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வழியையும் இப்படிக் கடைசியிலிருந்து படியுங்கள். இந்தப் பயிற்சிக்கு ஒரு முழு மாலையைக் கொடுங்கள். சொல் தெரியாத எந்த உறவையும் இதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்பதால், எல்லாப் படிகளிலும் அதிகப் பயன் தருவது இதுதான் என்று நான் நினைக்கிறேன். சம்பந்திக்கு அன்றாட பிரெஞ்சில் தனிச் சொல்லே கிடையாது. என் மகளின் மாமனார் மாமியார், லே போ-பரான் தெ மா ஃபீய், என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

5. பெரியப்பா முதல் மச்சான் வரை: முறைப்பெயரைக் கழற்றுவது

பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர், சித்தியின் கணவர். இந்த ஐவருக்கும் பிரெஞ்சில் ஒரே சொல், ஓன்க்ல். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி, ஈழத்தில் சின்னம்மா, எல்லோரும் தான்த். இவர்களின் பிள்ளைகள் அனைவரும் ஆணானால் குஸேன், பெண்ணானால் குஸீன். யார் வழி என்று சொல்லியே ஆக வேண்டுமானால் 'த்யு கொத்தே தெ மா மேர்', அதாவது அம்மா பக்கம், என்று பின்னால் சேர்த்தால் போதும்.

முதல் தவறு, பகுதி பகுதியாக மொழிபெயர்ப்பது. பெரிய என்றால் க்ரான், அம்மா என்றால் மேர். ஆக பெரியம்மா 'க்ரான்-மேர்' என்று சொல்லிவிடுவார்கள். அது பாட்டி. பெரியப்பாவை இப்படிச் சொன்னால் தாத்தா ஆகிவிடுவார். சரி, பெரிய ஓன்க்ல் என்று சொல்லலாமே என்றால் அதுவும் கூடாது. 'க்ரான்-தோன்க்ல்' என்பது தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அண்ணன் தம்பியானவர், நம் சின்னத் தாத்தா போல.

இரண்டாவது தவறு இதைவிடக் கனமானது. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன்தான், மனதிலும் அண்ணன்தான். பிரெஞ்சில் அவர் குஸேன். 'ஃப்ரேர்' என்று சொன்னால் கேட்பவர் ஒரே தாய், ஒரே தகப்பன் என்றே எடுத்துக்கொள்வார். என்னிடம் படித்த ஒருவர் அலுவலக நேர்காணல் ஒன்றில் 'எத்தனை சகோதரர்கள்?' என்ற கேள்விக்கு ஐந்து என்றார். முன்பு கொடுத்த தாளில் இரண்டு என்று இருந்தது. மீதி மூவரும் சித்தப்பா பிள்ளைகள். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு பதிலும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கிக் கடிதம் எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் இணைத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே மாதிரி, ஓர் ஆணுக்கு அண்ணன் தம்பி பிள்ளைகளும் மகன், மகள் முறைதான். பிரெஞ்சில் அவர்கள் நெவே, நியேஸ். அவர்களைத் தாளில் 'ஃபிஸ்', 'ஃபீய்' என்று எழுதினால் சொந்தப் பிள்ளைகள் என்றே பொருள்படும்.

நாம் சேர்த்துச் சொல்லி அவர்கள் பிரிப்பவையும் இருக்கின்றன. மாமா என்றால் அம்மாவின் சகோதரனும் உண்டு, மனைவியின் அப்பாவும் உண்டு. பிரெஞ்சில் முதலாமவர் ஓன்க்ல், இரண்டாமவர் போ-பேர். மருமகன் என்றால் மகளின் கணவனுக்கு ஜான்த்ர், ஓர் ஆணின் அக்கா தங்கை பிள்ளைக்கு நெவே. மச்சான் என்றால் மாமா மகனுக்கு குஸேன், அக்கா கணவருக்கு போ-ஃப்ரேர். மாமா மகனே அக்காவையும் கட்டியிருந்தால்? அக்கா கணவர் என்ற வழியே கிட்டத்து வழி, போ-ஃப்ரேர் என்று சொல்லுங்கள்.

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். தாளில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் தொட்டு, முறைப்பெயர் வாயில் வரும் முன் வழியைச் சொல்லி, அதன் பிறகே பிரெஞ்சுச் சொல்லுக்குப் போங்கள்.

6. க்ரான், பெத்தி: சிறுகோடு எங்கே வருகிறது

க்ரான் என்றால் பெரிய, பெத்தி என்றால் சிறிய. சிறுகோடு போட்டு ஒட்டினால் ஒரு தலைமுறை தள்ளிப் போகும்: க்ரான்-பேர் தாத்தா, க்ரான்-மேர் பாட்டி, பெத்தி-ஃபிஸ் பேரன், பெத்தித்-ஃபீய் பேத்தி. சகோதரர்களுக்குச் சிறுகோடு இல்லை: மோன் க்ரான் ஃப்ரேர் என் அண்ணன், மா பெத்தித் ஸேர் என் தங்கை. அண்ணன் தம்பி வேறுபாட்டைப் பிரெஞ்சுக்காரர்களும் இப்படிச் சொல்கிறார்கள், தேவைப்படும்போது மட்டும்.

ஒரு தாய் தன் கடைக்குட்டியை மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனார். இரண்டு பிள்ளைகளில் சின்னவன் என்று சொல்ல நினைத்து 'மோன் பெத்தி ஃபிஸ்' என்றார். ஆசிரியை குனிந்து பையனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'அவன் அம்மா எப்போது வருவார்?' என்று கேட்டாராம். பேச்சில் சிறுகோடு கேட்காது. 'என் பேரன்' என்றே காதில் விழும். சின்ன மகனைச் சொல்ல 'மோன் தெர்னியே ஃபிஸ்', என் கடைசி மகன், என்று சொல்லுங்கள்.

7. போ, பெல்: கல்யாணத்தால் வந்த உறவுகள்

ஆணுக்கு போ, பெண்ணுக்கு பெல். இரண்டும் 'பஸ்' என்பதில் வரும் ப ஒலி. மாமனார் போ-பேர், மாமியார் பெல்-மேர், மருமகள் பெல்-ஃபீய். மருமகனுக்கு போ-ஃபிஸ், அல்லது ஜான்த்ர். கொழுந்தன், மைத்துனன், சகலை எல்லோரும் போ-ஃப்ரேர். நாத்தனார், மைத்துனி, மச்சாள், ஓரகத்தி, அண்ணி எல்லோரும் பெல்-ஸேர். ஓரகத்திக்கும் நாத்தனாருக்கும் ஒரே சொல்லா என்று வகுப்பில் பெண்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். ஆமாம், ஒரே சொல்தான்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. அம்மா மறுமணம் செய்துகொண்டால் அந்தக் கணவரும் போ-பேர்தான். அப்பாவின் இரண்டாம் மனைவியும் பெல்-மேர்தான். நம்மூரில் சித்தி என்ற சொல் இரண்டு பேரைக் குறிப்பது போல. குழப்பம் வரும் என்று தோன்றினால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்: 'லெ மரி தெ மா மேர்', என் அம்மாவின் கணவர், 'லெ பேர் தெ மோன் மரி', என் கணவரின் அப்பா.

8. சேர்ந்து வாழ்பவர்கள், நண்பர்கள்

இங்கே கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சொல்ல, ஆணுக்கு கோன்பான்யோன், பெண்ணுக்கு கோன்பாஞ். 1999இல் வந்த 'பாக்ஸ்' என்ற பதிவு ஒப்பந்தமும் உண்டு. படிவங்களில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கும். சக ஊழியர் தன் கோன்பாஞ் பற்றிப் பேசினால், நீங்களாக 'உங்கள் மனைவி' என்று மாற்றிச் சொல்லாதீர்கள். அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள்.

கொப்பேன், கொப்பீன் என்றால் தோழன், தோழி. 'மா கொப்பீன்' என்று ஓர் ஆண் சொன்னால் காதலி என்றே கேட்பார்கள். வெறும் தோழி என்றால் 'யுன் கொப்பீன்', ஒரு தோழி. 'என்' என்ற ஒற்றைச் சொல் இங்கே பொருளை மாற்றிவிடுகிறது.

9. எப்படிக் கூப்பிடுவது

அப்பா பாப்பா, அம்மா மமான், தாத்தா பாப்பி, பாட்டி மாமி, மாமா சித்தப்பா வகையறா தோன்தோன், அத்தை சித்தி வகையறா தாத்தா. மறுபடி படியுங்கள். பாட்டியை மாமி என்கிறார்கள், அத்தையை தாத்தா என்கிறார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். மாலையில் மாமி வந்து கூட்டிப்போவார் என்று குழந்தை சொன்னால், ஆசிரியை பாட்டியை எதிர்பார்த்து நிற்பார். நாற்பது வயது மாமி வந்தால் குழந்தையை விடத் தயங்குவார். ஊருக்கு வந்த தாத்தாவைப் பற்றிக் குழந்தை பேசினால் ஓர் அத்தையைக் கற்பனை செய்துகொள்வார்.

பெரியவர்கள் ஆனபின் பலர் மாமா அத்தையைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டுக்குள் அப்பா, பாட்டி எல்லோரிடமும் பெரும்பாலும் 'த்யு', நம் நீ. மாமனார் மாமியாரிடம் 'வூ', நம் நீங்கள், என்று தொடங்கி, அவர்கள் சொன்னபின் மாற்றுங்கள். முன்பின் தெரியாத பெரியவரை நம் வழக்கப்படி மாமா, அங்கிள் என்று கூப்பிடாமல் 'மெஸ்யே', 'மதாம்' என்று சொல்வதே பொருத்தம்.

10. படிவத்தில் எழுதுவது

பேச்சில் பிழைத்தால் திருத்தலாம். தாளில் பிழைத்தால் நிற்கும். ஆகவே இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். 'லியேன் தெ பரான்தே' என்ற கட்டம் வந்தால், இந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். பள்ளியில் குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் இது வரும். 'பரான்' என்று தனியாக வந்தால் அநேகமாக அப்பா அம்மா மட்டுமே. நம் 'உறவினர்' என்று நினைத்து எல்லோரையும் எழுதிவிடாதீர்கள்.

கணவன் மனைவிக்குப் படிவச் சொல் வேறு: எபூ, எபூஸ், அல்லது இருவருக்கும் பொதுவாக கோன்ஜுவேன். மணநிலைக் கட்டத்தில் மரியே மணமானவர், ஸெலிபத்தேர் மணமாகாதவர், திவோர்ஸே மணமுறிவு பெற்றவர். துணையை இழந்த ஆண் வேஃப், பெண் வேவ். 'மரி' கணவன், 'மரியே' மணமானவர். ஓர் எழுத்து விட்டால் பொருள் போய்விடும்.

பெண்கள் கவனிக்க: 'நோன் தெ நெஸான்ஸ்' என்ற இடத்தில் பிறந்தபோது வைத்த குடும்பப் பெயர். கணவர் பெயர் 'நோன் த்யுஸாஜ்' என்ற இடத்தில் மட்டும், அதுவும் விரும்பினால். பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. 2012 பிப்ரவரியில் வந்த அரசுச் சுற்றறிக்கைக்குப் பிறகு, மணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'மத்முவாஸேல்' அரசுப் படிவங்களிலிருந்து எடுக்கப்பட்டது. எந்த வயதுப் பெண்ணும் 'மதாம்' என்ற கட்டத்தையே தேர்வுசெய்யலாம்.

எண்ணிக்கை எழுதும்போதும் சொல்லும்போதும் 'ஜே', என்னிடம் உண்டு, என்ற வினையைப் பயன்படுத்துங்கள்: 'ஜே த்ருவா ஃப்ரேர்', எனக்கு மூன்று சகோதரர்கள். 'இருக்கிறார்கள்' என்பதை அப்படியே மாற்றி 'இலியா த்ருவா ஃப்ரேர்' என்றால் எங்கோ மூன்று சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று ஆகும். வயதுக்கும் இதே ஜே.

நிரப்பி முடித்ததும் குடும்ப மரத் தாளைப் பக்கத்தில் வையுங்கள். ஃப்ரேர், ஸேர் என்று எழுதிய ஒவ்வொருவரின் அப்பா அம்மா பெயரையும் விரலால் தொட்டு, உங்கள் அப்பா அம்மா பெயரோடு ஒத்துப்பாருங்கள். இரண்டுமே வேறாக இருந்தால் அந்த இடத்தில் குஸேன் அல்லது குஸீன் என்று திருத்திவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.